அரை சென்டிமீட்டருக்குள் ஒரு சிகிச்சை: கர்ப்பப்பை வாய்க் கதிர்வீச்சில் பக்கத்து உறுப்புகளைக் காப்பது

கர்ப்பப்பை வாயின் முன்பக்கம் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருக்கிறது, பின்பக்கம் மலக்குடல். மேலே கர்ப்பப்பையின் உச்சியில் சிக்மாய்டு குடல் (மலக்குடலுக்கு முந்தைய பெருங்குடல் வளைவு) சரிந்து கிடக்கும், அதைச் சுற்றிச் சிறுகுடல் வளையங்கள். இவற்றுக்கும் கட்டிக்கும் நடுவில் பல பெண்களுக்கு அரை சென்டிமீட்டர் இடம்கூட இருப்பதில்லை. கட்டி அழிய 85 கிரேக்குக் குறையாமல் கதிர்வீச்சு போய்ச் சேர வேண்டும் (திசு வாங்கும் கதிரை அளக்கும் அலகு கிரே). மலக்குடல் தாங்குவதோ 65 முதல் 75 கிரே, அதுவும் மிகச் சிறிய பகுதிக்கு மட்டும். சிறுகுடலில் பெரிய பகுதி கதிர் வாங்கினால் 50-ஐ நெருங்கும்போதே முரண்டு பிடிக்கும்.

இந்தியாவில் 2022-ம் ஆண்டில் ஏறக்குறைய 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்திருக்கும் என்று உலகளாவிய புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது. பலர் அறுவை சிகிச்சைக்கான கட்டத்தைத் தாண்டிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் கதிர்வீச்சுதான் முதன்மைச் சிகிச்சை. நோயாளிகளின் பேச்சில் 'கரண்ட் வைப்பது'. 'கரண்ட் வெச்சா குடல் கருகிடும்' என்ற பயம் வார்டுக்கு வார்டு பரவிக் கிடக்கிறது. அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. இன்று அந்தச் சேதத்தின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஆனால் தவிர்த்துக் கொடுப்பது விலை உயர்ந்த இயந்திரம் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. நோயாளி எத்தனை மணிக்குத் தண்ணீர் குடித்தார், காலையில் மலம் கழிந்ததா, யோனிக்குள் வைத்த துணிச்சுருள் எந்தப் பக்கம் இறுகியிருக்கிறது என்பவை பாதி வேலையைச் செய்கின்றன.

வெளியிலிருந்து 25 நாள்

சிகிச்சை இரண்டு பாகம். முதலில் லீனியர் ஆக்சிலரேட்டர் என்னும் கதிர்வீச்சு இயந்திரத்தில் வெளியிலிருந்து இடுப்பு முழுவதற்கும் 45 கிரே. தவணைக்கு 1.8 கிரே, வாரம் 5 நாள், மொத்தம் 25 தவணை. கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ மருந்து, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம். அதன் பிறகு உள்கதிர்வீச்சு எனப்படும் பிராக்கிதெரபி. கர்ப்பப்பைக்குள்ளேயே கதிரியக்க மூலத்தை அனுப்பித் தவணைக்கு 7 கிரே வீதம் 4 தவணை கொடுப்பது பரவலான முறைகளில் ஒன்று.

முன்பெல்லாம் வெளிக்கதிர்வீச்சு என்றால் முன், பின், இடம், வலம் என்று நான்கு திசையிலிருந்து அடிக்கும் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் எது இருந்தாலும் முழு 45 கிரே வாங்கும். நடுவில் தொங்கும் சிறுகுடலும் அதில் அடக்கம். கதிரின் செறிவைப் புள்ளிக்குப் புள்ளி மாற்றித் தரும் ஐ.எம்.ஆர்.டி. முறையும், இயந்திரம் சுற்றிக்கொண்டே கொடுக்கும் விமாட் முறையும் வந்த பிறகு அந்தப் பெட்டியை ஒரு குதிரை லாடமாக வளைக்க முடிகிறது. நோய் பரவக்கூடிய நிணநீர்க் கணுக்கள் இரு பக்கமும் ஓடுகின்றன. லாடத்தின் கைகள் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், நடுக்குழியில் குடல் தப்பிக்கும்.

இதில் எவ்வளவு லாபம் என்பதற்கு நம் நாட்டிலேயே தெளிவான விடை இருக்கிறது. மும்பை டாடா நினைவு மையம் 2011 முதல் 2019 வரை நடத்திய பார்சர் ஆய்வில், கர்ப்பப்பை அகற்றிய பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்ட 300 பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். வழக்கமான 3டி முறையில் 3 ஆண்டுகளில் 42.4 சதவீதத்தினருக்கு நடுத்தர அல்லது கடுமையான குடல் பாதிப்பு வந்தது. தினசரிப் படம் பார்த்துக் கொடுத்த ஐ.எம்.ஆர்.டி.யில் அது 21.1 சதவீதம். சரிபாதி. நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை.

அந்த ஆய்வு ஏன் கர்ப்பப்பை அகற்றியவர்களிடம் நடந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. கர்ப்பப்பை இருக்கும்வரை அது இடுப்புக்குள் ஒரு முட்டுக்கட்டை மாதிரி நின்று சிறுகுடலை மேலேயே தாங்கி வைத்திருக்கும். எடுத்துவிட்டால் குடல் அந்தப் பள்ளத்தில் இறங்கி, சில சமயம் தழும்பில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். தினமும் அதே வளையம் அதே இடத்தில் கதிர் வாங்கும். ரத்தப்போக்கு என்று போன பெண்ணுக்கு கர்ப்பப்பை வாயைப் பார்க்காமலும், திசுப் பரிசோதனை செய்யாமலும் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, பிறகு பயாப்சியில் புற்றுநோய் என்று தெரிந்து அனுப்பிவைக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் தீரவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கதிர்வீச்சும் வேண்டியிருக்கிறது, குடலும் கீழே வந்துவிட்டது, கர்ப்பப்பைக்குள் மூலத்தை வைக்கும் வழியும் அடைபட்டுவிட்டது. ஐந்து நிமிடப் பரிசோதனையில் தவிர்த்திருக்கக்கூடிய சேதம் இது. இதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சிறுகுடல் கிடக்கும் பையைப் படத்தில் வரைந்து, அதில் 45 கிரே வாங்கும் பகுதி 195 சி.சி.க்குள் இருக்கிறதா என்று திட்டமிடும் இயற்பியலாளர் பார்ப்பார். வளையம் வளையமாக வரைந்தால் 15 கிரே வாங்குவது 120 சி.சி.க்குள் இருக்க வேண்டும். இந்த எண்கள் கணினித் திரையில் அழகாக வந்துவிடும். அந்தத் திட்டம் தினமும் நோயாளியின் வயிற்றுக்குள் அப்படியே நடக்கிறதா என்பதில்தான் வெற்றியும் தோல்வியும்.

அரை லிட்டர் தண்ணீர்

சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் இரண்டு நன்மை. ஒன்று, அது பலூன் போல எழும்பிச் சிறுகுடலை இடுப்புக்கு மேலே தள்ளும். இரண்டு, பையின் மேற்பாதி கதிர் விழும் எல்லைக்கு வெளியே விரிந்துவிடுவதால் மொத்தப் பையில் சூடு வாங்கும் பங்கு குறையும். அதனால் பல மையங்களில் ஒரே மாதிரியான நடைமுறை: முதலில் சிறுநீரை முழுக்கக் கழித்துவிட வேண்டும், 10 நிமிடத்துக்குள் 500 மி.லி. தண்ணீர் குடிக்க வேண்டும். 45 நிமிடம் கழித்து மேசையில் ஏற வேண்டும். எந்த நடைமுறை சொல்லப்பட்டதோ அது பிளானிங் சிடி (சிகிச்சையைத் திட்டமிட எடுக்கும் ஸ்கேன்) எடுத்த நாளிலும், 25 தவணை நாளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அளவைவிட ஒரே மாதிரி இருப்பது முக்கியம். 'நல்லா நெறைய குடிச்சுட்டு வாங்க' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பயன் இல்லை. அளவு போட்ட பாட்டிலைக் கையில் கொடுத்து, கடிகாரத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

இதில் தவறுகள் வரும் இடங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். வெயில் காலத்தில் விடியற்காலை பஸ் ஏறி, வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பயந்து, ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார்கள். வறண்ட உடம்பில் அரை லிட்டர் ஊற்றினால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். 45 நிமிடம் கழித்தும் பையில் ஒன்றும் சேர்ந்திருக்காது. முதல் நாளிலிருந்தே தாராளமாகக் குடித்து வந்தால்தான் அந்தக் கணக்கு வேலை செய்யும். சிஸ்பிளாட்டின் நாளில் நேர் எதிர்: டிரிப்பில் லிட்டர் கணக்கில் சலைன் இறங்கியிருக்கும், பை 20 நிமிடத்திலேயே நிறைந்து வலிக்க ஆரம்பிக்கும். அன்றைக்குக் கதிர்வீச்சை டிரிப்புக்கு முன்னால் முடித்துவிடுவது, முடியாவிட்டால் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது நல்லது. மிஷின் திடீரென்று நின்று வரிசை ஒரு மணி நேரம் தள்ளிப்போகும் நாளும் உண்டு. அப்போது அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. கழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். டெக்னீஷியனிடம் சொன்னால் போதும்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் சிறுநீர்ப்பையின் உள்தோல் எரிச்சல் கண்டிருக்கும். முதல் வாரம் 250 மி.லி. தாங்கிய பை இப்போது 120 மி.லி.யிலேயே அவசரப்படுத்தும். பல பெண்கள் இதை வெளியே சொல்வதில்லை. திட்டுவார்களோ, முறை போய்விடுமோ என்ற பயத்தில் பாதிப் பையோடு மேசையில் படுத்துவிடுகிறார்கள். சிறுநீர்ப்பையை அளக்கும் சிறிய ஸ்கேனர் இருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இல்லாத இடத்தில் கேட்க வேண்டும், ஒவ்வொரு நாளும், கோபமில்லாமல்.

பை மட்டும் மாறினால் பரவாயில்லை. அதோடு கர்ப்பப்பையும் ஆடுகிறது. பை காலியானால் கர்ப்பப்பை முன்னால் கவிழும், நிறைந்தால் பின்னால் நிமிரும். உச்சிப் பகுதி சில சென்டிமீட்டர் இடம் மாறுவது சாதாரணம். அதனால் தேர்ந்த மையங்களில் பிளானிங் சிடியை இரண்டு முறை எடுக்கிறார்கள்: பை நிறைந்து ஒன்று, காலியாக ஒன்று. இரண்டிலும் கர்ப்பப்பை எங்கெங்கே போகிறது என்று பார்த்து, அந்த நடமாட்டம் முழுவதையும் மூடும்படி இலக்கு வரைகிறார்கள். இப்படிச் செய்யாமல் ஒரே படத்தை நம்பி, சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் விளிம்பு விட்டால் அந்த விளிம்புக்குள் பாதி மலக்குடல் வந்துவிடும். நடமாட்டத்தை முன்கூட்டியே அளந்து, தினமும் மேசையிலேயே சிடி போன்ற படம் எடுத்துப் பார்த்தால் விளிம்பு 5 மி.மீ. போதும்.

அந்தத் தினசரிப் படத்தைப் பார்ப்பதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. இடுப்பெலும்பைப் பிளானிங் படத்தோடு பொருத்திப் பார்த்து, எலும்பு இம்மி பிசகாமல் பொருந்திவிட்டது என்று பட்டனை அழுத்திவிடுவார்கள். எலும்பு அசையாது, அசைவது கர்ப்பப்பை. எலும்பைப் பொருத்திய பிறகு, வரைந்த எல்லைக்குள் கர்ப்பப்பையும் வாயும் இருக்கின்றனவா, மலக்குடல் வீங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே கதிர் போக வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் கூடுதலாகும். ஒரு நாளைக்கு நூறு பேர் காத்திருக்கும் இடத்தில் அந்த ஒரு நிமிடம் பெரிய சுமைதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியாத நிமிடம் அது.

மலக்குடலும் வாயுவும்

பிளானிங் சிடி நாளில் மலக்குடலில் வாயு நிறைந்து, முன்பின் அகலம் 4 செ.மீ.க்கு மேல் இருந்தால் அந்தப் படத்தை வைத்துத் திட்டம் போடக் கூடாது. காரணம் எளிது. வீங்கிய குடல் கர்ப்பப்பை வாயை முன்னால் தள்ளி வைத்திருக்கும். அந்த இடத்துக்கே கதிர் குறிவைக்கப்படும். மறுநாள் முதல் குடல் காலியாக இருந்தால் வாய் பின்னால் சரிந்து இலக்கிலிருந்து நழுவும். ஒரு நாள் தப்பு 25 நாளும் தொடரும். சிறு குழாய் விட்டு வாயுவை வெளியேற்றியோ, மலம் கழித்துவரச் சொல்லியோ மறுபடி படம் எடுப்பதுதான் முறை.

இதற்காக முதல் வாரங்களில் இசப்கோல், லாக்டுலோஸ் போன்ற மிதமான மலமிளக்கி தருவார்கள். கொண்டைக்கடலை, மொச்சை, பட்டாணி, முட்டைக்கோஸ், சோடா ஆகியவற்றைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு பிழை: மூன்றாவது வாரத்தில் கதிர்வீச்சால் வயிற்றுப்போக்கு தொடங்கியிருக்கும், ஆனால் சீட்டில் எழுதியிருப்பதால் மலமிளக்கியையும் விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வயிறு இளகத் தொடங்கியதும் அதை நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்., மோர், மருத்துவர் சொன்ன அளவில் லோபரமைடு. பச்சைப்பால் பலருக்கு இந்த நாள்களில் ஒத்துக்கொள்ளாது. நாளுக்கு ஆறேழு முறைக்கு மேல் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே சொல்ல வேண்டும்; உடம்பு வறண்ட நிலையில் சிஸ்பிளாட்டின் ஏறினால் சிறுநீரகம் அடிபடும்.

கண்ணில் படாத உறுப்புகள்

உடம்பில் ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையில் கணிசமான பங்கு இடுப்பெலும்பிலும் கீழ் முதுகெலும்பிலும் இருக்கிறது. கதிரும் கீமோவும் சேர்ந்து அதை அடிக்கும்போது வெள்ளணுக்கள் சரிந்து, வாராந்திரச் சிஸ்பிளாட்டின் தவறிப்போகும். இடுப்பெலும்பில் 10 கிரே வாங்கும் பகுதி 90 சதவீதத்துக்குள்ளும், 20 கிரே வாங்கும் பகுதி 75 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் ரத்த எண்ணிக்கை ஓரளவு நிற்கும். தொடை எலும்பின் தலையில் எங்கும் 50 கிரே தாண்டாமல் பார்த்துக்கொள்வது இன்று கடினமில்லை.

வயிற்றின் மேல்பகுதிக் கணுக்களுக்கும் கதிர் போக வேண்டியிருந்தால் சிறுநீரகமும் முன்சிறுகுடலும் கணக்கில் சேரும். சிறுநீரகத்துக்குச் சராசரி 15 கிரேக்குள். முன்சிறுகுடலில் 55 கிரே வாங்கும் பகுதி 15 சி.சி.க்குள். கட்டி சிறுநீர்க்குழாயை நெரித்துச் சிறுநீரகம் வீங்கியிருந்தால், ஸ்டென்ட் வைத்தோ முதுகு வழியே குழாய் விட்டோ வழியைத் திறந்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் இறங்கிய பிறகே சிஸ்பிளாட்டின்.

சினைப்பையைப் பற்றி மட்டும் முன்கூட்டிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் முதல் தவணைக்குப் பிறகு பேசிப் பயனில்லை. முட்டைகளில் பாதியை அழிக்க 2 கிரேகூட வேண்டாம். 20 வயதில் 16.5 கிரே, 30 வயதில் 14.3 கிரே போனால் சினைப்பை நிரந்தரமாக ஓய்ந்துவிடும்; 40-ஐ நெருங்கினால் 6 கிரேயே போதும். இடுப்புக்குக் கொடுப்பதோ 45. எனவே 40 வயதுக்குட்பட்ட, ஸ்குவாமஸ் வகைக் கட்டி (மேல்தோல் செல்களில் தோன்றுவது) உள்ள பெண்ணுக்கு லாப்ராஸ்கோப்பி மூலம் சினைப்பையை ரத்தக்குழாயோடு இடுப்பெலும்பு விளிம்புக்கு மேலே ஏற்றித் தைக்கலாம். திட்டமிடும்போது தெரிவதற்காக அதில் உலோகக் கிளிப் ஒன்றையும் மாட்டிவிட வேண்டும். சுரப்பிச் செல்களில் தோன்றும் அடினோகார்சினோமாவில் சினைப்பைக்கே நோய் பரவியிருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால் அங்கே தயக்கம் உண்டு. ஏற்றி வைக்க முடியாதவர்களுக்குத் திடீர் மாதவிடாய் நிறுத்தம் வரும். ஹார்மோன் மாற்று மாத்திரை பற்றி அப்போதே கேட்க வேண்டும்.

உள்ளே வைக்கும் கதிர்

பக்கத்து உறுப்புகளின் தலையெழுத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பிராக்கிதெரபி. இரிடியம்-192 அல்லது கோபால்ட்-60 மூலம், அரிசி மணியைவிட மெலிந்தது, கம்பி முனையில் ஓடி வந்து கர்ப்பப்பைக்குள் சில நொடிகள் இங்கே, சில நொடிகள் அங்கே என்று நின்று போகும். இதன் பலம் தூரத்தின் விதியில் இருக்கிறது: தூரம் இரட்டித்தால் டோஸ் கால்வாசியாகும். மூலத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி இருக்கும் மலக்குடல் சுவரை இன்னும் அரை சென்டிமீட்டர் தள்ளினால், ஒற்றைப் புள்ளி மூலம் என்று வைத்துக்கொண்டால், டோஸ் 36 சதவீதம் இறங்கும். எந்தக் கணினியும் இவ்வளவு சம்பாதித்துத் தராது.

அந்த அரை சென்டிமீட்டரைச் சம்பாதிப்பது கை. முதுகில் மயக்க ஊசி போட்ட பின் சிறுநீர்ப்பைக்குள் ஃபோலி குழாய் விட்டு, அதன் பலூனில் 7 சி.சி. திரவம் நிரப்புவார்கள். கர்ப்பப்பையின் நீளத்தை அளந்து, அதற்கேற்ற வளைவுள்ள டாண்டம் குழாயை உள்ளே செலுத்துவார்கள். இதை வயிற்றின் மேல் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்துக்கொண்டே செய்வது நல்லது. கதிர் வாங்கி இளகிய கர்ப்பப்பைச் சுவரை டாண்டம் துளைத்துவிட்டு வெளியே சிக்மாய்டின் மேல் போய் நிற்பது, தெரியாமல் விட்டால் மிக மோசமான விபத்து. வாயின் இரு பக்கமும் ஓவாய்டு எனப்படும் உருண்டைகள். யோனி இடம் கொடுக்கும் அளவில் மிகப் பெரிய ஓவாய்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறியது வைத்தால் யோனிச் சுவர் மூலத்தோடு ஒட்டிக்கொண்டு வெந்துவிடும்.

பிறகு பேக்கிங். ஈரமாக்கிய காஸ் துணிச்சுருளை ஓவாய்டுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக இறுக்கி மலக்குடலைத் தள்ளுவார்கள். முன்னால் இறுக்கிச் சிறுநீர்ப்பையைத் தள்ளுவார்கள். பார்க்க எளிது, செய்வது அப்படியல்ல. துணி ஓவாய்டுக்கு மேலே, வாய்க்கும் ஓவாய்டுக்கும் இடையில் போய்விட்டால் மொத்தக் கருவியும் கீழே இறங்கிவிடும். கட்டிக்குக் குறைந்து யோனிக்குக் கூடும். முன்னால் மட்டும் அதிகம் திணித்தால் கருவி பின்னால் அழுந்தி மலக்குடலையே நெருக்கும். பேக்கிங் முடித்து, சிடி அறைக்கும் அங்கிருந்து சிகிச்சை அறைக்கும் நோயாளியைத் தூக்கி மாற்றும்போது கருவி அரை சென்டிமீட்டர் நழுவினால் போட்ட திட்டம் பொய்யாகும். தொடையில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கதிர் விடுமுன் அது பொருந்துகிறதா என்று பார்ப்பது பழைய பழக்கம்; இன்றும் கைவிடக் கூடாதது. படம் எடுத்ததற்கும் கதிர் விடுவதற்கும் நடுவே இரண்டு மணி நேரம் போனால் மலக்குடலில் வாயு சேர்ந்திருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எங்கே எவ்வளவு போகிறது என்று பார்க்கும் முறையும் மாறிவிட்டது. 1938-ல் மான்செஸ்டரில் வகுத்த 'புள்ளி ஏ' என்பது கர்ப்பப்பை வாயிலிருந்து 2 செ.மீ. மேலே, 2 செ.மீ. பக்கவாட்டில் இருக்கும் ஒரு கற்பனைப் புள்ளி. எல்லாப் பெண்ணுக்கும் ஒரே புள்ளி. 1985-ல் வந்த சர்வதேச விதி சிறுநீர்ப்பைக்கு ஒரு புள்ளி, மலக்குடலுக்கு ஒரு புள்ளி என்று எக்ஸ்ரே படத்தில் குறித்துப் பார்க்கச் சொன்னது. உறுப்பின் மிக அதிகம் சுடுபட்ட இடம் அந்தப் புள்ளியாகவே இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. 2005, 2006-ல் ஐரோப்பிய பிராக்கிதெரபிக் குழு, எம்ஆர்ஐ படத்தில் கட்டியையும் உறுப்புகளையும் வரைந்து, ஒவ்வொரு உறுப்பிலும் மிக அதிகம் வாங்கும் 2 சி.சி. பகுதி எவ்வளவு பெறுகிறது என்று கணக்கிடச் சொன்னது. 2 சி.சி. என்பது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. புண்ணாவதும் ஓட்டை விழுவதும் அந்தச் சிறு துண்டில்தான்.

இப்போது நடைமுறையில் உள்ள எல்லைகள், தவணைக்கு 2 கிரே என்ற முறைக்கு மாற்றிய சமான அளவில்: சிறுநீர்ப்பையின் 2 சி.சி.க்கு 80-க்குள் வைக்க முயல வேண்டும், 90-ஐத் தாண்டக் கூடாது. மலக்குடலின் 2 சி.சி.க்கு 65 விரும்பத்தக்கது, 75 எல்லை. சிக்மாய்டு, சிறுகுடல் இரண்டின் 2 சி.சி.க்கும் 70-ம் 75-ம். கட்டியின் 90 சதவீதப் பகுதிக்கு 90-க்கு மேல் கிடைத்தால் நல்லது, 85-க்குக் கீழே போகக் கூடாது. மலக்குடலின் 2 சி.சி. 75 கிரேயைத் தாண்டிய பெண்களில் 3 ஆண்டுகளில் 12.5 சதவீதம் பேருக்கு யோனிக்கும் குடலுக்கும் நடுவே துளை விழுந்ததையும், அதற்குக் கீழே இருந்தவர்களில் அது 3 சதவீதத்தைக்கூடத் தொடாததையும், பல நாட்டு மையங்கள் சேர்ந்து நடத்திய எம்ப்ரேஸ் ஆய்வின் தரவு காட்டியது. 75 என்ற எண் எவ்வளவு கனமானது என்பது அதில் தெரியும்.

இந்தச் சமான அளவை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆரோக்கிய உறுப்புக்கு: மொத்த டோஸை, தவணை டோஸோடு 3 கூட்டியதால் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டும். வெளிக்கதிர் 45 கிரே இப்படி 43.2 ஆகிறது. உள்கதிரின் ஒவ்வொரு தவணையிலும் மலக்குடல் 4 கிரே வாங்கினால், நாலு தவணைக்கு 16, சமானம் 22.4. மொத்தம் 65.6, ஏறக்குறைய விரும்பத்தக்க எல்லையில். தவணைக்கு 1 கிரே மட்டும் கூடி 5 ஆனால்? 20 கிரே, சமானம் 32, மொத்தம் 75.2. துளை விழும் வட்டத்துக்குள் வந்தாகிவிட்டது. கூடியது என்னவோ 4 கிரே, உறுப்பு உணர்ந்தது கிட்டத்தட்ட 10. தவணை டோஸ் பெரிதாகப் பெரிதாக ஆரோக்கியத் திசு அடி வாங்கும் வேகம் இப்படித்தான் கூடுகிறது. பேக்கிங்கில் தளர்ந்த ஒரு மடிப்பு இந்த 1 கிரேயைத் தாராளமாகக் கொண்டுவந்துவிடும்.

எல்லை மீறுகிறது என்றால் இயற்பியலாளர் மூலம் நிற்கும் நொடிகளை மாற்றுவார். சிக்மாய்டு டாண்டத்தின் உச்சியில் படிந்திருந்தால் உச்சி நிறுத்தங்களைக் குறைப்பார். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. கட்டி பக்கச் சுவரை நோக்கிப் பரவியிருந்தால் டாண்டமும் ஓவாய்டும் அங்கே எட்டாது. எட்ட வைக்க நேரத்தைக் கூட்டினால் முன்னும் பின்னும் இருப்பவை வேகும். அப்போது சரியான வழி, பக்கவாட்டில் சில ஊசிகளைச் செருகி அங்கிருந்தே கதிர் தருவது. ஊசி போடும் பயிற்சி இல்லாத மையம், கட்டியின் ஓரத்துக்குக் குறைத்துக் கொடுத்து உறுப்பைக் காப்பாற்றிவிட்டதாகக் கருதுவதை ஏற்க முடியாது. நோய் மிஞ்சித் திரும்பி வந்தால் அதே சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தின்பது அந்த நோய்தான். எம்ப்ரேஸ் ஆய்வில் 2008 முதல் 2015 வரை சேர்க்கப்பட்ட பெண்களில், மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இதில் உண்டு, 5 ஆண்டு உள்ளூர்க் கட்டுப்பாடு 92 சதவீதம். கடுமையான குடல் பாதிப்பு 8.5, சிறுநீர்ப் பாதை பாதிப்பு 6.8 சதவீதம். படம் பார்த்து இடத்தைச் சரியாகப் பிடித்தால் கட்டிக்குக் கூட்டிக் கொடுத்தபடியே உறுப்புகளுக்குக் குறைக்கலாம் என்பதற்கு இதுவே ஆதாரம்.

56 நாள்

வெளிக்கதிரின் முதல் நாளிலிருந்து கடைசி உள்கதிர் வரை 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் நோய்க் கட்டுப்பாடு அரை முதல் ஒரு சதவீதம் வரை நழுவுகிறது; மிஞ்சிய செல்கள் இடைவெளியில் பெருகிக்கொள்கின்றன. 'உடம்பு தேறட்டும், பத்து நாள் கழிச்சு வாங்க' என்று இடையில் நிறுத்துவது இரக்கம் போலத் தெரியும். வயிற்றுப்போக்கை மருந்தால் கட்டுப்படுத்தி, ரத்தம் குறைந்தால் ஏற்றி, சிகிச்சையை நகர்த்திக்கொண்டே போவதுதான் உண்மையான உதவி. மிஷின் பழுது, பண்டிகை விடுமுறை என்று தவணை தவறினால் சனிக்கிழமை ஒன்று சேர்க்கலாம். ஒரே நாளில் இரண்டு கொடுப்பதானால் நடுவே குறைந்தது 6 மணி நேரம் இருக்க வேண்டும், ஆரோக்கியத் திசு தன்னைச் சரிசெய்துகொள்ள அந்த நேரம் தேவை.

முடிந்த பிறகு

யோனியைப் பற்றி வெளிநோயாளிப் பிரிவில் யாரும் வாய்திறப்பதில்லை. கதிர் வாங்கிய யோனி மெல்லச் சுருங்கி, சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். அதனால் வருவது தாம்பத்தியச் சிக்கல் மட்டும் இல்லை. பின்னாளில் மருத்துவர் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்கவே முடியாமல் போகும். புண் ஆறிய பிறகு, சுமார் 4 வாரத்திலிருந்து, வாரம் 2 அல்லது 3 முறை டைலேட்டர் எனப்படும் மழுங்கிய முனைக் குழாயை வழவழப்பு ஜெல்லோடு சில நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். 9 முதல் 12 மாதம் வரை தொடர வேண்டும். தனியாக வாழும் பெண்ணுக்கும், வயதான பெண்ணுக்கும் இது பொருந்தும். ஒரு பெண் ஊழியர் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் விளக்கினால் பெரும்பாலோர் செய்கிறார்கள்.

ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் மலத்தில் சிவப்பாக ரத்தம் வரலாம். சிறுநீர்ப்பையின் தொல்லை பல ஆண்டு கழித்தும் தலைகாட்டும். இடுப்பில் புது வலி வந்து எம்ஆர்ஐ எடுத்தால் சேக்ரம் எலும்பில் (முதுகெலும்பின் அடிப்பகுதி) மெல்லிய விரிசல் தெரியலாம். அதைப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டதாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. கால்சியம், விட்டமின் டி, ஓய்வு இவற்றிலேயே பெரும்பாலும் சரியாகும் விரிசல் அது.

மலத்தில் ரத்தம் வரும் பெண் பெரும்பாலும் சிகிச்சை தந்த மையத்துக்குப் போவதில்லை, பக்கத்து ஊர் மருத்துவரிடம் போவார். அவர் கொலோனோஸ்கோப்பி செய்து, மலக்குடலின் முன்சுவரில் வெளிறிய புண்ணைக் கண்டு, சந்தேகத்தில் ஒரு துண்டு வெட்டி எடுப்பார். கதிர் வாங்கிய அந்தச் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைவு. வெட்டிய இடம் ஆறாமல், சில வாரங்களில் யோனிக்குள் துளை விழுந்து மலம் வடியத் தொடங்கலாம். இத்தனை நாள் தண்ணீரும் துணிச்சுருளும் காப்பாற்றிய மலக்குடல் ஒரு பயாப்சியில் போய்விடும். அதனால் டிஸ்சார்ஜ் நாளில் கொடுக்கும் சுருக்கத் தாளில் வெளிக்கதிரின் அளவு, தவணை, உள்கதிரின் அளவு, முடிந்த தேதி, சிறுநீர்ப்பை, மலக்குடல், சிக்மாய்டு மூன்றின் 2 சி.சி. மொத்தம் ஆகியவற்றை எழுதி, அதன் கீழே பெரிய எழுத்தில் இன்னொரு வரியும் எழுத வேண்டும்: 'மலக்குடலின் முன்சுவரில் பயாப்சி எடுக்கும் முன் கதிர்வீச்சு மருத்துவரிடம் பேசவும்.' அந்தத் தாளை லேமினேட் செய்து, ரேஷன் கார்டும் ஆதாரும் இருக்கும் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.